வீட்டுக் கதகதப்பு உரிமைக்கான கொள்கைப் பிரகடனம்

பிரித்தானியாவில் வாழும் மாற்றுத்திறனாளிகளான நாங்களும், எங்களைப் பராமரிக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் துணைவர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், குரோய்டன் என்று பல இடங்களிலிருந்து வந்திருக்கிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே. வீட்டை வெப்பப்படுத்த அரசு தரும் உதவி, குளிரைத் தாங்க முடியாத உடலுக்குப் போய்ச் சேர வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இன்று கிடைப்பதில் ஒரு பென்னி கூடக் குறையக் கூடாது. அவர்களோடு எங்களையும் சேருங்கள் என்கிறோம்.

குளிர் எல்லோரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. நாள் முழுதும் சக்கர நாற்காலியில் இருப்பவரின் தசைகளுக்கு வேலை குறைவு. உடல் எளிதில் சூடேறாது. முதுகுத்தண்டில் கடுமையாக அடிபட்டவருக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் ஆற்றலே போய்விடலாம். சிக்கிள் செல் நோய் உள்ளவருக்குக் குளிர் பட்டாலே மருத்துவமனைக்கு ஓட வைக்கும் வலி தொடங்கக்கூடும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்களுக்கும், மூச்சுக்குழாய் நோய் உள்ளவர்களுக்கும் குளிர்காலம் ஒவ்வொன்றும் ஒரு கண்டம். வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்றும் சொன்னது. வேலைக்குப் போகிறவர் காலையில் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டுக் கிளம்பலாம். வீட்டிலேயே இருக்க வேண்டியவர் எந்த நேரத்தில் நிறுத்துவது?

இந்த வேறுபாட்டை அரசு ஒரு காலத்தில் ஓரளவு அறிந்திருந்தது. மின் கட்டணத்தில் சலுகை தரும் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் 2011இல் தொடங்கியது. இன்று அது 150 பவுண்டு. மாற்றுத்திறன் உதவியான பிப் பெறுபவர்களில் பலர் தங்கள் மின் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து அதைக் கேட்க முன்பு வழி இருந்தது. நிபந்தனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறின, ஆனாலும் வழி இருந்தது. 2022இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த வழி அடைக்கப்பட்டது. யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போல வருமானம் பார்த்துத் தரும் உதவி ஒன்று கையில் இருந்தால்தான் சலுகை என்றானது. பிப், டிஎல்ஏ, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் ஆகிய மாற்றுத்திறன் உதவிகளை மட்டும் நம்பியிருப்பவர்களில் சுமார் 2,90,000 பேர் சலுகையை இழப்பார்கள் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. தெரிந்தே செய்தார்கள்.

அதே ஆண்டில் இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்புப் போடவும் பழைய பாய்லரை மாற்றவும் உதவும் ஈகோ திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் மாற்றுத்திறன் உதவித்தொகைகளே தகுதியாக ஏற்கப்பட்டன. 2022இல் வந்த நான்காம் கட்டம் அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கவுன்சில் வழியாகவும் மருத்துவர் பரிந்துரை வழியாகவும் ஒரு சந்து மிஞ்சியது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் ஹீட் பம்ப் பொருத்துவதற்கு அரசு தரும் 7,500 பவுண்டு மானியத்துக்கு, சொந்த வீடு வைத்திருக்கும் செல்வந்தரிடம்கூட யாரும் வருமானம் கேட்பதில்லை.

2025 குளிர்காலத்தில், சலுகைக்கு அதுவரை இருந்த 'வெப்பப்படுத்த அதிகச் செலவாகும் வீடு' என்ற இன்னொரு நிபந்தனை நீக்கப்பட்டு, சுமார் 27 லட்சம் குடும்பங்கள் வார்ம் ஹோம் டிஸ்கவுண்டுக்குள் புதிதாக வந்தன. அதை மனமார வரவேற்கிறோம். எங்களுக்கு அடைபட்ட கதவு மட்டும் திறக்கவில்லை.

எங்களைப் போல் கூட்டாக வாழும் குடும்பங்களுக்கு உரிய ஒரு துன்பத்தை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு தமிழ் வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வருகிறது. மகன் வேலைக்குப் போகிறார். வீடும் மின் பில்லும் அவர் பெயரில். அம்மா தனியாக வாழ்ந்திருந்தால், கடும் மாற்றுத்திறனுக்கான கூடுதல் தொகை அவருடைய பென்ஷன் கிரெடிட் கணக்கில் சேரும். அந்தத் தொகையால்தான் பலருக்குப் பென்ஷன் கிரெடிட்டே கிடைக்கிறது. அது கிடைத்தால் மின் கட்டணச் சலுகையும் வரும், ஏழு நாள் தொடர்ந்து உறைநிலைக் குளிர் அடித்தால் வாரத்துக்கு 25 பவுண்டு தரும் கோல்ட் வெதர் பேமெண்டும் வரும். வேலைக்குப் போகும் மகன் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அந்தக் கூடுதல் தொகை இல்லை. அதையும் மீறி அம்மாவுக்குப் பென்ஷன் கிரெடிட் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பில்லில் அவர் பெயரோ துணைவர் பெயரோ இல்லை. சலுகை மறுபடி போகிறது. தாயை முதியோர் இல்லத்துக்கு அனுப்பாமல் கூட வைத்துப் பார்க்கும் குடும்பம் அரசுக்குப் பெருஞ்செலவை மிச்சப்படுத்துகிறது. அந்தக் குடும்பத்தின் மேல்தான் இந்த விதிகள் வந்து விழுகின்றன. பெற்றோரோடு வாழும் வயது வந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் நிலையும் இதுவே. தமிழர்கள் மட்டுமல்ல, கூட்டாக வாழும் எல்லாச் சமூகத்தாரும் இதில் அகப்பட்டிருக்கிறார்கள்.

'பிப் தருவதே கூடுதல் செலவுக்குத்தானே, பிறகு இன்னொன்று எதற்கு?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறோம். பிப் மதிப்பீட்டில் 12 செயல்களைப் பார்க்கிறார்கள். சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, பேசுவது, நடப்பது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. உங்கள் உடலுக்கு எத்தனை பாகை வெப்பம் வேண்டும் என்று அதில் எந்த இடத்திலும் கேட்பதில்லை. கேட்காத தேவைக்குப் பணம் கொடுத்துவிட்டதாகச் சொல்வது பொருந்தாது. பிப் வருமானம் பார்த்துத் தரப்படுவதுமில்லை. மாற்றுத்திறன் யாருக்கும் செலவு வைக்கும் என்று நாடாளுமன்றம் ஏற்றதால் வந்த ஏற்பாடு அது. அந்த நியாயம் ரேடியேட்டர் முன்னால் வந்ததும் மாறிவிடுமா?

இன்னொன்றும் உண்டு. வார்ம் ஹோம் டிஸ்கவுண்டுக்கான பணம் எல்லா வாடிக்கையாளர்களின் பில்லிலிருந்தும் எடுக்கப்படுகிறது. சலுகை மறுக்கப்பட்ட மாற்றுத்திறனாளியும், அதிகமாக ஹீட்டிங் போடும் அந்த வீட்டிலிருந்தே, அதற்குப் பங்கு கட்டுகிறார்.

எங்களை அடையாளம் காண்பது கடினம் என்று எந்த அமைச்சரும் சொல்ல முடியாது. 2022இலும் 2023இலும் மாற்றுத்திறன் உதவி பெறும் சுமார் 60 லட்சம் பேருக்கு, விண்ணப்பம் எதுவும் கேட்காமல், தலைக்கு 150 பவுண்டு வங்கிக் கணக்கில் நேரே போட்டார்கள். ஸ்காட்லாந்து இன்னும் தெளிவான வழி காட்டியிருக்கிறது. மாற்றுத்திறன் உதவியில் மிக உயர்ந்த பராமரிப்பு விகிதம் பெறும் குழந்தைகளுக்கு 2020 முதல் அங்கே குளிர்கால வெப்ப உதவி தரப்படுகிறது. பெற்றோரின் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை. ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னாவில் இருக்கும் குழந்தைக்கு அது உண்டு. அரை மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய, இங்கிலாந்தின் கார்லைலில், அதே நோயுள்ள குழந்தைக்கு இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் குளிர் குறைவா?

ஓய்வூதியர்களுக்கு எதிராக எங்களை நிறுத்தப் பார்ப்பவர்களுக்கு இடம் கொடுக்க மாட்டோம். ஓய்வூதியர்களின் குளிர்காலச் செலவுக்காக 1997இல் வந்த விண்டர் ஃபியூல் பேமெண்டில் வேலை செய்யும் வயதிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு என்றுமே இடம் இருந்ததில்லை. ஆனாலும் 2024இல் அது பெரும்பாலான முதியோரிடமிருந்து பறிக்கப்பட்டபோது அது அநீதி என்றே கருதினோம். அடுத்த ஆண்டே, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்கு அது திரும்பி வந்தது. முதியோர் விடாமல் கேட்டார்கள், கிடைத்தது. நாங்களும் கேட்கப் போகிறோம்.

மாற்றுத்திறன் உதவி பெறும் ஒருவர் வாழும் வீட்டுக்கு, பில் யார் பெயரில் இருந்தாலும், மின் கட்டணச் சலுகை தானாகச் சேர வேண்டும். கோல்ட் வெதர் பேமெண்ட் விதிகளில் அந்த உதவிகளே தகுதியாக வேண்டும். ஈகோவுக்குப் பின் வரும் எந்தத் திட்டத்திலும் 2022இல் நீக்கப்பட்டவர்கள் திரும்பச் சேர்க்கப்பட வேண்டும். கடும் மாற்றுத்திறனுக்கான கூடுதல் தொகையை, பிள்ளைகளோடு வாழ்கிறார் என்பதற்காக மறுக்கக் கூடாது. மறுப்புக் கடிதங்கள் மக்களுக்குப் புரியும் மொழியில் வர வேண்டும். இவை நிறைவேறும் வரை எம்.பி.க்களின் சந்திப்பு நேரங்களுக்கு நேரில் போவோம். படுக்கையில் இருப்பவர்களின் குரலைப் பதிவு செய்து எடுத்துப் போவோம்.

உறுப்பினராகக் கட்டணம் இல்லை. குடியுரிமை நிலையும் கேட்க மாட்டோம். சேருகிறவர்கள் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு மின் பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பென்ஷன் கிரெடிட்டோ யூனிவர்சல் கிரெடிட்டோ பெறும் ஒருவர் வீட்டில் இருந்தும் அவர் பெயர் அதில் இல்லையென்றால், சேர்க்க முடியுமா என்று மின் நிறுவனத்திடம் கேளுங்கள். பெயர் சேர்ந்தால் பாக்கிக்கும் அவர் பொறுப்பாவார். குடும்பமாகப் பேசி முடிவெடுங்கள். தகுதி நாள் வழக்கமாக ஆகஸ்டில் வருகிறது, அதற்கு முன்பே செய்துவிடுங்கள். மறுப்புக் கடிதம் ஏதாவது வந்திருந்தால் எறிந்துவிடாமல், பெயரையும் முகவரியையும் மறைத்து, எங்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.