ஊருக்கு பஸ் இருக்கு

எங்க கிராமத்துக்கு பஸ் வசதி உண்டு என்கிறது 2011 சென்சஸ் கையேடு. பொய்யில்லை. பஸ் ஊர்ச் சாவடியில் நின்று திரும்பிவிடும். சேரிக்கு அங்கிருந்து அரை மைல், ஊர்த் தெரு வழியாகத்தான் நடக்கணும். பிரசவ வலி வந்த பொம்பளைக்கும் அதே அரை மைல்தான்.

கையேட்டில் தலித்துகள் எத்தனை பேர் என்று தனியே எண்ணியிருக்கிறார்கள். பஸ், தபால், ஆஸ்பத்திரி என்று வரும்போது மட்டும் வருவாய்க் கிராமம் முழுசுக்கும் ஒரே பதில். நான் வங்கிக் குமாஸ்தா. இரண்டு பேர் பணத்தை ஒருத்தர் கணக்கில் வரவு வைத்தால் என் வேலை போய்விடும். இங்கே அதற்குப் பேர் புள்ளிவிவரம்.

2000இல் வந்த பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் குடியிருப்பைத்தான் அலகாக எடுத்தது. ஆனால் சமவெளியில் 500 பேர் வேண்டும். நல்ல சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் சாலை வந்தாச்சு என்றே கணக்கு. எங்க சேரியில் முந்நூறு பேர். கிட்ட இருக்கிற சேரி தூரத்தில் தோற்கிறது, எட்ட இருக்கிற சேரி தலைக்கணக்கில் தோற்கிறது. தள்ளி வைத்ததும் அவங்க, 'நீ தள்ளி இருக்கே, கொஞ்சப் பேரா இருக்கே' என்பதும் அவங்க.

பஸ் வெறும் வண்டியில்லை. 1997இல் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியார். கலவரத்துக்குப் பின் எல்லாத் தலைவர்கள் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. பெயரையே பொறுக்காதவங்க தெருவைத் தாண்டி பஸ் எப்படி வரும்?

சேரிக்குத் தனிக் கணக்கு வேண்டும். பஸ் முதலில் சேரியில் நிற்கட்டும். அங்கிருந்து ஊருக்குப் போகட்டும்.