காரில் வானொலி ஏன் இரைகிறது?

காரில் வானொலி தெளிவாகக் கேட்கவில்லை என்று உதிரிபாகக் கடைக்குச் செல்பவருக்கு நம் நகரங்களில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: "செட் போய்விட்டது, புதிது போட்டுவிடலாம்." எந்த நிலையம் இரைகிறது, எப்போது இரைகிறது என்று ஒரு வினாவும் எழாமலே அந்த விடை வந்துவிடுகிறது. மின்னணுவியலில் பட்டம் பெற்றவர்களும் அதை மறுபேச்சின்றி ஏற்றுப் பணம் செலுத்துகிறார்கள். கடைக்காரரைக் காட்டிலும் இவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம்.

ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து ஒலிபெருக்கி வரை ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. செட் அதில் ஒரு கண்ணி மட்டுமே. எந்தக் கண்ணி அறுந்தது என்பதைத் திருகாணி ஒன்றைக்கூடக் கழற்றாமல் பெருமளவு ஊகித்துவிட முடியும். இயந்திரத்தை அணைத்துவிட்டு வானொலியை மட்டும் இயக்கிப் பாருங்கள். அப்போது தெளிவாகக் கேட்டு, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் சீழ்க்கை போன்ற ஒலி எழுந்து, வேகத்தோடு அதன் சுருதியும் ஏறினால், ஆல்டர்னேட்டரையோ எர்த் இணைப்பையோ ஐயுற வேண்டும். அடுத்து, சிகரெட் லைட்டர் துளையில் செருகிய கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் மலிவான சார்ஜர்கள் விநாடிக்குப் பல்லாயிரம் முதல் பல இலட்சம் முறை மின்னோட்டத்தை வெட்டி இணைப்பவை. அதன் மடங்கு அதிர்வெண்கள் மத்திய அலை முழுவதும் படர்ந்து கிடக்கும். டேஷ்கேமும், பின்னாளில் மாற்றிப் பொருத்திய எல்.இ.டி. முகப்பு விளக்கும் பண்பலையையும் விட்டுவைப்பதில்லை.

ஆன்டெனாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பண்பலையின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் காற்பங்கு 75 சென்டிமீட்டர். பழைய கார்களின் நீண்ட கம்பிக்கு அந்த உயரம் வாய்த்தது இக்கணக்கினால்தான். இன்று கூரைமேல் இருக்கும் சுறாத்துடுப்பு வடிவ ஆன்டெனா அத்துணை நீளம் கொண்டதன்று. இழந்த வலிமையை ஈடுசெய்ய அதனடியில் ஒரு சிறு பெருக்கி இருக்கும். பெருக்கிக்கு மின்சாரம் வேண்டும். பல கார்களில் அது ஆன்டெனா கேபிள் வழியாகவே மேலே செல்கிறது. தொழிற்சாலை செட்டைக் கழற்றிப் பெரிய தொடுதிரை செட்டை வைக்கும்போது இந்த மின்னூட்டம் எளிதில் விடுபட்டுப்போகிறது. அருகிலுள்ள வலிமையான நிலையங்கள் பாடும், மற்றவை மங்கிவிடும். "புதிய செட்டும் சரியில்லை" என்ற புலம்பல்களில் ஒரு பகுதி இங்கிருந்து பிறப்பது.

தில்லியில் என் ஆய்வுத்தோழர் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது, கூடவே இன்னொன்றும். புதிய செட்டில் ஆகாசவாணியின் எஃப்.எம். கோல்டு, 100.1இல், கேட்டது. 102.6இல் உள்ள ரெயின்போ மட்டும் சிதைந்து ஒலித்தது. நிலையத்தில்தான் கோளாறு என்றார் கடைக்காரர். அமைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். நாடு 'அமெரிக்கா' என்றிருந்தது. அங்கே பண்பலை நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டும் அமைகின்றன. ஆகவே அந்த செட்டால் 102.5க்கும் 102.7க்கும் செல்ல முடியுமேயன்றி 102.6இல் நிற்க முடியாது. மத்திய அலையிலும் அப்படித்தான்: நமக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, அமெரிக்காவுக்கு 10. கழற்றிய பழைய செட்டை ஆய்வக மேசையில் வைத்து மின்னூட்டினோம். அது நன்றாகவே பாடியது.

சில இரைச்சல்கள் பழுதே அல்ல. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே சிக்னலில் நிற்கும்போது பண்பலை கரகரத்து, அரை மீட்டர் முன்னே நகர்ந்ததும் தெளிந்தால், நேரே வந்த அலையும் சுவரில் பட்டுத் திரும்பிய அலையும் அவ்விடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். எந்த செட்டை மாற்றியும் அதைத் தீர்க்க இயலாது.

இவ்வளவிலும் இளநிலைப் பொறியியல் மாணவருக்குத் தெரியாத கோட்பாடு எதுவுமில்லை. ஆயினும் நான் அறிந்த ஆய்வகங்களில் மாணவர் கையில் தரப்படுவது எப்போதும் இயங்கும் கருவி. எதிர்பார்த்த அலைவடிவம் திரையில் தோன்றினால் மதிப்பெண். தோன்றாவிட்டால் உதவியாளர் வேறு கருவியைக் கொண்டுவந்து வைப்பார். கடைக்காரர் செய்வதும் அதைத்தானே! மருத்துவ மாணவர் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்கிறார். நம் மாணவரோ நோயையே காணாமல் பட்டம் பெறுகிறார்.

கைப்பேசி இருக்கையில் காரில் வானொலி எதற்கு என்று கேட்பவர்கள், 2019 மே மாதம் ஃபானி புயல் பூரியில் கரை கடந்தபின் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் முடங்கிய நாள்களை நினைத்துப் பார்க்கட்டும். அத்தகைய வேளையில் மின்கலமும் வானொலியும் ஒருசேர இருக்கும் பொருள் கார். மத்திய அலை நிலத்தையொட்டி நெடுந்தொலைவு செல்லக்கூடியது. அதையே சில மின்கார் நிறுவனங்கள் வெளிநாடுகளில் நீக்கிவிட்டன; மோட்டாரை இயக்கும் மின்னணுச் சுற்றுகளின் இரைச்சல் அவை சொன்ன காரணம். இரைச்சலின் ஊற்று தெரிந்திருந்தும், கவசமும் வடிப்பானும் இட்டு அதை அடக்குவதற்குப் பதில் வானொலியையே அகற்றினார்கள். அமெரிக்காவில் 2023இல் இதற்கு எதிராகச் சட்ட முன்வரைவு வந்தது. ஃபோர்டு தன் முடிவைத் திரும்பப் பெற்றது. இங்கே ஆகாசவாணி 30க்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளில் டிஜிட்டல் முறையைப் புகுத்தியது. இங்கு விற்பனையாகும் மின்கார்களில் மத்திய அலை எவ்வாறு கேட்கிறது என்பதை அளந்து பார்ப்பது நம் துறைகளின் வேலையல்லவா?

ஒரு பருவத்திற்கு ஒரேயொரு செய்முறை வகுப்பு போதும். பழைய கார் ஒன்று, அதில் ஆசிரியர் மறைத்து வைத்த மூன்று பழுதுகள், ஒரு மல்டிமீட்டர், இரண்டு மணி நேரம். பழுதைக் கண்டுபிடித்தவருக்கு மட்டுமன்றி, தாம் எவற்றை எந்த வரிசையில் விலக்கினார் என்று தெளிவாக எழுதியவருக்கும் மதிப்பெண் தரலாம். உங்கள் கல்லூரியில் இத்தகைய வகுப்பு ஏற்கெனவே நடைபெறுமாயின், என்னென்ன பழுதுகளை வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் எங்கள் துறையின் பாடத்திட்டக் கூட்டம் இருக்கிறது.