தண்ணீரை எடைபோடத் தமிழ் போதாதா?

அறிவியலைத் தாங்கும் வலிமை தமிழுக்கு இல்லை என்போர் பிரிக்பீல்ட்சிலும் உளர், கிள்ளானிலும் உளர். 2003ஆம் ஆண்டு தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறியபோது இத்தகையோர் மகிழ்ந்தனர். அம்முடிவைக் கைவிடுவதாக 2009இல் அரசே அறிவித்த பின்னரும் இவர்தம் பல்லவி ஓயவில்லை. இன்றைய அறிவியலில் நுண்ணியதொன்றைக் கொண்டே இக்கூற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

2002 மார்ச்சில் அமெரிக்காவும் ஜெர்மனியும் 'கிரேஸ்' என்னும் இரட்டைத் துணைக்கோள்களை ஏவின. ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக அவை உலகைச் சுற்றின. பொருண்மை மிகுந்த நிலப்பகுதியை நெருங்குங்கால், முன்செல்லும் கோள் முதலில் ஈர்க்கப்பட்டு விரையும், இடைவெளி கூடும். அது கடந்து சென்றதும் பின்னுக்கு இழுக்கப்படும், பின்வரும் கோளோ விரையும், இடைவெளி குறுகும். மயிரிழையினும் மெல்லிய அம்மாற்றத்தை நுண்ணலைகள் அளந்தன. மலை மாதந்தோறும் இடம்பெயர்வதில்லை, நீர் பெயரும். ஆகவே ஓரிடத்தின் ஈர்ப்பு மாதத்திற்கு மாதம் மாறுமாயின், அங்கே பெரும்பாலும் நீர் கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும். மண்ணின் ஈரம் முதலியவற்றைக் கணித்துக் கழித்தால் எஞ்சுவது நிலத்தடி நீரின் கணக்கு.

இதில் எந்த வாக்கியம் ஆங்கிலத்திற்காக ஏங்கி நின்றது?

இக்கணக்கு ஏட்டுச் சுரைக்காயன்று. மாத்யூ ரோடெல் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, இராஜஸ்தான், பஞ்சாப், தில்லி உள்ளிட்ட அரியானா நிலங்களில், 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்தது. அக்காலத்தில் மழை பொய்க்கவில்லை. பாசனத்திற்கும் பிற தேவைகளுக்குமாக உறிஞ்சியதே காரணம். 2017இல் அக்கோள்கள் ஓய்ந்தன. 2018 மே மாதம் வழித்தோன்றல் இணை ஏவப்பட்டது.

கிள்ளான் பள்ளத்தாக்கு அவற்றின் கண்ணுக்கு வெறும் புள்ளி. சில நூறு கிலோமீட்டர் அகன்ற நிலங்களையே அவை பிரித்தறியும். 2014இல் சிலாங்கூரில் நீர்ப்பங்கீடு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம். இவற்றை நிலத்தில் நின்றே அளக்க வேண்டும். நாளை அளக்கப்போகும் பிள்ளைக்கு, அளவை எதற்கென்று வீட்டு மொழியில் விளங்க வேண்டாவா?

பழி முழுதும் மாற்றாரைச் சாராது. ஈர்ப்புவிசையின் வரையறையை மனனம் செய்வித்துவிட்டு, அறிவியல் கற்பித்ததாக எண்ணும் ஆசிரியர்கள் தமிழ்ப்பள்ளிகளிலும் உள்ளனர். எதிர்ப்போர்க்கு ஆயுதம் வார்த்துக் கொடுப்போர் இவர்களே. இரு மாணவரை இரப்பர்க் கயிற்றின் இருமுனைகளைப் பிடித்துக்கொண்டு திடலில் முன்பின்னாக ஓடச் செய்தால், பத்து நிமிடத்தில் விளங்கிவிடும் பாடம் இது.