"பவர் கேபிள், நல்ல கண்டிஷன்" என்று எழுதுகிற மகராசன்களுக்கு

ஆன்லைனில் பழைய சாமான் விற்கிற நம்ம மக்களோடு எனக்கு ஒரு சண்டை ரொம்ப நாளாகப் பாக்கி. இன்றைக்குத் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே ஷார்ஜாவில் ஜூன் மாதம் வந்தால் ஊர் திரும்புகிற குடும்பங்கள் வீட்டைக் காலி பண்ண ஆரம்பிக்கும். ஃப்ரிட்ஜுக்கு நாலு படம், எத்தனை லிட்டர், எந்த வருஷம் வாங்கியது, எல்லாம் இருக்கும். சோபாவுக்கு ஆறு படம். கடைசியில் ஒரு பை நிறையக் கருப்பு வயர். அதற்கு மட்டும் ஒரே வரி: "பவர் கேபிள்கள், நல்ல கண்டிஷன், எல்லாவற்றுக்கும் பொருந்தும்." எந்த "எல்லாவற்றுக்கும்" சாமி?

சூளூர்பேட்டையில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக் கதையைச் சொல்கிறேன். (2022 ஏப்ரலில் இருந்து எங்க ஊர் நெல்லூர் மாவட்டம் இல்லை, திருப்பதி மாவட்டம். ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இறங்குகிற ஸ்டேஷன் என்றால் எல்லோருக்கும் தெரியும்.) ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்க சோம்பல்பட்டு, பழைய கம்ப்யூட்டருக்கு மாப்பிள்ளை ஆன்லைனில் ஒரு வயர் வாங்கினார். "ஃபாரின் ஒரிஜினல், 3 பின், ஹெவி டியூட்டி" என்று விளம்பரம். படத்தில் சுருட்டி வைத்த வயர்தான் தெரிந்தது. வந்ததை மாட்டினார்கள், கம்ப்யூட்டர் ஓடியது. ஓடியதுதான் வம்பு. மருமகன் வெறுங்காலோடு உட்கார்ந்து கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக். வீட்டு எர்த் சரியில்லை என்று நினைத்து எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு தடவை தண்டம் அழுதார்கள். எர்த் நன்றாகவே இருந்தது. வயர் மேல் அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "2எக்ஸ்0.5" என்று இருந்தது. பிளக்கில் மூன்று கால், உள்ளே இரண்டே வயர்!

கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட, கரண்ட் வருகிற இரண்டு வயரிலிருந்தும் இரும்பு உடம்புக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் வயர் இல்லாவிட்டால் அந்த உடம்பு 230 வோல்ட்டில் பாதியில் மிதக்கும். கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் சுருக்கோடு போகிறது. உள்ளே ஒரு வயர் உரிந்து கேபினெட்டில் பட்டிருந்தால்? முழு 230-ம் அங்கே நிற்கும், பையன் கை வைக்கிறவரை.

விற்றவரைக் கேட்டதற்கு வந்த பதில்: "சார், 3 பின்னுன்னுதானே போட்டேன், 3 வயர்னு போட்டேனா?"

எவ்வளவு தெம்பு பாருங்கள்.

பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். மெர்கண்டைல் லா பேப்பரில் 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் படித்திருக்கிறோம். 15-வது பிரிவு: விவரம் சொல்லி விற்றால், சரக்கு அந்த விவரத்தோடு ஒத்துப்போயே ஆகவேண்டும். தரத்தைப் பற்றிப் பேசுகிற 16-வது பிரிவுக்கு, அந்தச் சரக்கில் வியாபாரம் செய்கிறவராக இருக்கவேண்டும் என்ற மாதிரி நிபந்தனைகள் உண்டு. 15-க்கு அது கிடையாது. 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிகளில் சொந்த சாமானை எப்போதோ ஒன்று விற்கிறவருக்கு விலக்கு இருக்கிறது என்று வாதாடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கட்டும். எழுதின விவரம் விற்றவரைக் கட்டும்.

பேங்கில் நகைக்கடன் கொடுக்கும்போது "செயின் ஒன்று, நல்ல கண்டிஷன்" என்றா எழுதுகிறோம்? மொத்த எடை, கல் போக நிகர எடை, எத்தனை கேரட். செயினாவது ஆளைச் சுடாது.

"நான் என்ன எலக்ட்ரீஷியனா?" என்பார்கள். தேவையே இல்லை, படிக்கத் தெரிந்தால் போதும். வயரின் தோலிலேயே எழுதியிருக்கிறது. "எச்05விவி-எஃப் 3ஜி0.75" என்று இருந்தால்: 05 என்பது 300/500 வோல்ட் தாங்கும், இரண்டு வி-யும் உள்ளும் புறமும் பிவிசி, எஃப் என்றால் வளையும் வயர். 3ஜி என்றால் மூன்று வயர், அதில் பச்சை-மஞ்சள் எர்த் உண்டு. ஜி இருக்கவேண்டிய இடத்தில் எக்ஸ் என்றால் எர்த் இல்லை. 0.75 என்பது சதுர மில்லிமீட்டர், சுமார் 6 ஆம்பியருக்கு. 0.5 என்றால் 3 ஆம்பியர்தான். இதற்கு "ஹெவி டியூட்டி" என்று பெயர் வைத்தார் பாருங்கள், அவருக்கு ஒரு சல்யூட்.

சாமானில் சொருகுகிற முனைக்கும் பெயர் உண்டு. கம்ப்யூட்டர், மானிட்டருக்கு சி13, 10 ஆம்பியர். லேப்டாப் சார்ஜருக்கு மிக்கி மவுஸ் மூஞ்சி மாதிரி இருப்பது சி5. டேப் ரெக்கார்டருக்கு எட்டு வடிவில் வருவது சி7. இரண்டும் 2.5 ஆம்பியர். சி13 போலவே இருந்து நடுவில் ஒரு வெட்டு இருந்தால் சி15, சூடாகிற சாமானுக்கு.

அடுத்து பிளக். வளைகுடா, சிங்கப்பூர், லண்டன் பிளக் 13 ஆம்பியர், சதுரக் கால், உள்ளே ஃப்யூஸ். ஊருக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டி இந்திய 6 ஆம்பியர் பிளக் மாட்டுகிறோமே, அந்த ஃப்யூஸும் தலையோடு போச்சு. அமெரிக்க வயர் இன்னும் மோசம். "125 வோல்ட்" என்று போட்டிருப்பது 230-க்கு செய்ததல்ல. அங்கே கருப்புதான் கரண்ட், வெள்ளை நியூட்ரல். ஊரில் பழைய வீட்டு வயரிங்கில் கருப்புதான் நியூட்ரல். பழக்கதோஷத்தில் வெட்டி மாட்டுகிறவர் கதி என்ன? இதை ஒரு வரி எழுதினால் விற்பவருக்குக் கை தேய்ந்துவிடுமா?

இந்திய வயர் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 694, பிளக்கில் ஐஎஸ் 1293. கூடவே இருக்கும் லைசென்ஸ் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்தால் உண்மையா என்று தெரிந்துவிடும். "சிஇ" எழுத்தைப் பார்த்து மயங்கவேண்டாம், அது பெரும்பாலும் தயாரித்தவர் தானே கொடுத்துக்கொள்கிற சர்டிபிகேட்.

"ஐம்பது ரூபாய் வயருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று ஒரு நண்பர் சிரித்தார். எச்பி கம்பெனி 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 56 லட்சம் லேப்டாப் வயர்களைத் திரும்பக் கேட்டது. சூடாகி உருகியதாக 29 புகார்கள். அடையாளம் ஒன்றே ஒன்று, அடாப்டரில் சொருகுகிற முனையில் "எல்எஸ்-15" என்ற எழுத்து. அதே டிசம்பரில் லெனோவோவும் அதே குறியுள்ள வயர்களைத் திரும்பக் கேட்டது. 2010-லிருந்து 2012 வரை விற்ற வயர்கள். எத்தனை வீட்டு அலமாரியில் இன்னும் கிடக்கிறதோ, எத்தனை "நல்ல கண்டிஷன்" பையில் கை மாறியதோ! முனையைப் படம் எடுத்துப் போடாத விளம்பரத்தில் இதை யார் கண்டுபிடிப்பது?

சும்மா திட்டிவிட்டுப் போகவில்லை. போன வாரம் நானே ஒன்று விற்றேன். எழுதினது இது:

"கம்ப்யூட்டர் பவர் வயர். ஒரு முனை சி13, மறுமுனை 13 ஆம்பியர் சதுரக்கால் பிளக், 5 ஆம்பியர் ஃப்யூஸ் உள்ளது. எச்05விவி-எஃப் 3ஜி0.75. நீளம் 1.5 மீட்டர். எர்த் மல்டிமீட்டரில் பார்த்தது. பிளக் அருகே லேசாகக் கீறல், உள் வயர் தெரியவில்லை. இந்தியாவில் நேரே சொருக முடியாது. இரண்டு முனையும் அச்சும் படத்தில். 10 திர்ஹம்."

வாங்க வந்த மலையாளி நண்பர் வயரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. பத்தை எட்டாக்கத்தான் கால் மணி நேரம் பேசினார் :-)