அரட்டைக்கு ஆயுள், முடிவுக்கு மறதி

அலுவலக உரையாடல் செயலிகளைப் பற்றி இருவகைப் பேச்சே காதில் விழுகிறது. மின்னஞ்சல் ஒழிந்தது, வேலை பறக்கிறது என்னும் புகழ்ச்சி ஒன்று. மனிதனை விழுங்கிவிட்டன என்னும் ஒப்பாரி மற்றொன்று. இரண்டிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. இச்செயலிகளின் குற்றம் வேகமன்று. எதைக் காப்பது, எதை மறப்பது என்ற பேதம் அவற்றுக்குத் தெரியாமையே.

இதைச் செங்கல்பட்டுப் பக்கத்தில் பேசாமல் வேறெங்கு பேசுவது? மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி தொழில்நுட்பப் பூங்கா. செங்கல்பட்டை ஒட்டி மகிந்திரா வேர்ல்டு சிட்டி. கூடுவாஞ்சேரி அருகே ஜோஹோ வளாகம். அலுவலகங்களுக்குக் 'கிளிக்' செயலியைத் தந்த ஜோஹோவே 2021இல் பொதுமக்களுக்கு 'அரட்டை'யையும் தந்தது. வெட்டிப்பேச்சுக்கு நாம் வைத்த பெயர் ஒரு மென்பொருளின் பெயராயிற்று. பெயரில் நேர்மை இருக்கிறது. அலுவலகச் செயலிகளுக்கு அந்த நேர்மை இல்லை.

நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. நம் இரவே பகலாக உள்ள அமெரிக்க வாடிக்கையாளருக்காக வேலை செய்வோர், ஒரு சிறு ஐயத்துக்கு மறுநாள் வரை மின்னஞ்சலை எதிர்நோக்கிக் கிடக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் வாய் திறக்கக் கூசும் புதியவர் எழுத்தில் கேட்டுவிடுகிறார். 2020இல் பொதுமுடக்கம் வந்தபோது பல அலுவலகங்கள் கலைந்துபோகாமல் நின்றதில் இச்செயலிகளுக்குப் பங்குண்டு.

ஆனால் 'ஸ்லாக்' என்னும் பெயருக்கு அதை உருவாக்கியவர்கள் தந்த விரிவைக் கவனியுங்கள்: உரையாடல், அறிவு அனைத்தையும் தேடிக் கண்டடையத்தக்க பதிவேடு என்பது அதன் பொருள். உரையாடலும் அறிவும் ஒன்றா? தேநீருக்கு அழைப்பு, கட்டைவிரல் படம், பிறந்தநாள் வாழ்த்து, இவற்றுக்கு நடுவே ஒரு வரியில் ஒரு முடிவு. ஆறு மாதம் கழித்து அதை யார், ஏன் எடுத்தார் என்று தேடினால் கிடைப்பது வாழ்த்துகளே. இலவசத் திட்டத்திலோ, 2022 முதல் 90 நாளுக்கு முந்தையவை கண்ணிலேயே படுவதில்லை.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துச் சபை 919, 921ஆம் ஆண்டுகளில் தன் விதிகளைக் கல்லில் வெட்டியது. சபையில் எவ்வளவோ பேசியிருப்பார்கள். பேச்சு காற்றோடு போயிற்று, முடிவு சுவரில் நின்றது. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் பதவியில்லை என்பது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் இடமில்லாத அச்சபையைப் பொற்காலமென்று நாங்கள் சொல்லவில்லை. முடிவை எழுதிவைக்கும் ஒழுங்கை மட்டுமே சுட்டுகிறோம். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்துக்கு விளக்கக் கல்வெட்டு இல்லை. ஆகவே அது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்று இன்றும் வழக்காடுகிறோம். கலைக்கு அந்த மௌனம் அழகு. அலுவலகத்துக்கு அன்று.

இரண்டாவது குற்றம் இதனினும் கொடிது. பெயரருகே எரியும் பச்சைப் புள்ளி, ஒருவர் இருக்கையில் இருப்பதை உழைப்பென்று கணக்கிடுகிறது. "பிடிக்காவிட்டால் அறிவிப்பை அணைத்துவிடுங்களேன்" என்பார்கள். அணைக்கலாம். மேலாளர் இரவு பத்து மணிக்கு எழுதியதற்குப் பதில் தராதவர், ஆண்டு மதிப்பீட்டில் 'ஈடுபாடு குறைந்தவர்' ஆகமாட்டார் என்று எவர் உறுதி தருவது? பொத்தான் ஊழியர் கையில். அதிகாரம் வேறொருவர் கையில்.

பிரான்சு 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைச் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நம் நாடாளுமன்றத்தில் 2018இலும் 2025இலும் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்கள் சட்டமாவது நம் நாட்டில் அரிதினும் அரிது.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. எங்கள் கோரிக்கைகள் எளியவை. பேசுவதைச் செயலியில் பேசுங்கள். முடிவைக் காரணத்தோடு முழு வாக்கியங்களில் வேறோர் ஆவணத்தில் எழுதுங்கள். பச்சைப் புள்ளியை மதிப்பீட்டிலிருந்து நீக்குங்கள். பணி முடிந்தபின் வரும் செய்திக்கு மறுநாள் பதிலே முறையென்று, ஊழியர் அல்ல, நிறுவனமே எழுதித் தரட்டும்.

நாளெல்லாம் நான்கு சொல் துணுக்குகளில் பேசுபவர், இரவில் ஒரு நாவலின் நீண்ட வாக்கியத்துக்குள் நுழையவும் மனம் வேண்டுமல்லவா? அந்த இரவை இனாமாகக் கேட்கவில்லை; அது ஊழியருடையதே.