ஏ.ஐ எழுதிய ஆப், சித்தியின் பால் நோட்டு... யார் கணக்கு சரி?

"அக்கா, ரெண்டே நாள்ல ஒரு ஆப் பண்ணிட்டேன். நம்ம வீட்டு பால் கணக்கு மொத்தமும் இதுல இருக்கு!"

சித்தி மகன் போனை நீட்டியபோது நிஜமாகவே அசந்துபோனேன். திருவண்ணாமலை பக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டில் நான்கு கறவை மாடுகள். சொசைட்டிக்கு ஊற்றியது போக, 22 வீடுகளுக்குத் தினமும் பால் போகிறது. இத்தனை வருஷமாக அந்தக் கணக்கு, அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டில்தான் இருந்தது. இப்போது வீட்டுப் பெயரைத் தொட்டால் மாதக் கணக்கு வந்து நிற்கிறது. வாட்ஸ்அப்பில் பில்கூட போகிறது.

தம்பி 2025-ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினீயரிங் முடித்தவன். வேலை தேடிக்கொண்டிருக்கிறான். "இதுல நீ எவ்வளவுடா எழுதினே?" என்று கேட்டேன். சிரித்தான். "நான் என்ன வேணும்னு சொன்னேன். ஏ.ஐ எழுதுச்சு."

இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. 'வைப் கோடிங்.' ஓப்பன் ஏ.ஐ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆந்த்ரே கார்பதி 2025 பிப்ரவரியில் சொன்ன வார்த்தை. கோடை படிக்காமல், வேண்டியதைச் சொல்லிச் சொல்லியே புரோகிராமை உருவாக்கிவிடுவது. வார இறுதியில் விளையாட்டாகச் செய்யும் சின்ன வேலைகளுக்கு இது பரவாயில்லை என்றுதான் அவரே குறிப்பிட்டிருந்தார். உலகம் அந்தப் பாதியை வசதியாக மறந்துவிட்டது.

மாதக் கடைசியில் வந்த வில்லங்கம்

மாதம் முடிந்து பில் போனதும் சித்திக்கு ஏதோ உறுத்தியது. "மூணாவது தெரு டீச்சர் வீட்டுக்கு 750 ரூபாய்னு வந்திருக்கு. எனக்கு ஆயிரம் வரணுமே கண்ணு" என்றார். நோட்டை எடுத்து விரித்தார். ஆமாம், ஆப் வந்த பிறகும் சித்தி நோட்டை விடவில்லை.

அந்த வீட்டுக்கு 10-ம் தேதி வரை தினம் ஒரு லிட்டர். 11-ம் தேதியில் இருந்து அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டார்கள். 10 லிட்டரும், மீதி 20 நாளுக்கு 10 லிட்டரும் சேர்த்து 20 லிட்டர். லிட்டர் 50 ரூபாய் என்றால் ஆயிரம். ஆப் போட்டது 15 லிட்டர்.

தம்பி உடனே ஏ.ஐ-யிடம் "கணக்கு தப்பா வருது, சரிபண்ணு" என்றான். அதுவும் மன்னிப்பெல்லாம் கேட்டுவிட்டு ஏதோ மாற்றியது. இந்த மாதக் கணக்கு சரியானது. ஏற்கெனவே பணம் வாங்கி முடித்த போன மாதக் கணக்கு மாறிவிட்டது! "உன் ஆப்புக்கு நான் பாலை ஊத்துறேனா, வீட்டுக்கு ஊத்துறேனா?" என்று சித்தி கேட்டதும் பையன் முகம் சுருங்கிப்போனது.

அந்த முகவாட்டத்துக்குக் காரணம் பால் கணக்கு மட்டுமில்லை. அதற்கு முந்தைய வாரம் சென்னையில் ஒரு கம்பெனியில் அவனுக்கு இன்டர்வியூ. இந்த ஆப்பைத்தான் பெருமையாகக் காட்டியிருக்கிறான். எதிரே இருந்தவர் கோடைத் திறந்து ஓர் இடத்தைக் காட்டி, "இதை ஏன் இப்படி எழுதியிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. "என் ஆப்தான்க்கா. ஆனா எனக்கே தெரியலை" என்றபோது குரல் உடைந்துவிட்டது.

அண்ணன் கண்டுபிடித்த ஒரே ஒரு கட்டம்

பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நானும் தம்பியும் கிரிவலம் கிளம்பினோம். கூடவே பெரியம்மா மகன். அண்ணனுக்கு சாஃப்ட்வேர் துறையில் ஒன்பது வருஷ அனுபவம். வாரத்தில் பாதி நாள் ஊரில் இருந்தே வேலை பார்க்கிறார். ரமணாசிரமம் தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்ததும் தம்பி லேப்டாப்பைத் திறந்தான்.

அண்ணன் ஐந்து நிமிஷம் பேசாமல் படித்தார். "டேய், ஒவ்வொரு வீட்டுக்கும் 'ஒரு நாளைக்கு எவ்வளவு பால்'னு ஒரே ஒரு கட்டம்தான் வெச்சிருக்கே. 11-ம் தேதி அதை அரைன்னு மாத்தினா, முன்னாடி போன 10 நாளும் அரையாயிடும். சித்தி நோட்டுல பாரு... தேதி போட்டு மாத்தத்தை எழுதியிருக்காங்க. பழசை அழிக்கவே இல்லை. அதுதான் உன் ஆப்புல இல்லை."

அவ்வளவுதான் விஷயம். 'அளவு மாறினால் பழையதை அழிக்காதே; எந்தத் தேதியில் இருந்து புது அளவு என்று தனியாக எழுதிவை' என்று தெளிவாகக் கேட்டதும், அதே ஏ.ஐ பத்து நிமிஷத்தில் சரியாக எழுதித் தந்தது. கோட் எழுதுவதில் அதற்குக் கஷ்டமே இல்லை. பால் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. தம்பியும் அதைச் சொல்லவில்லை.

வேகம் நிஜமா?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. கூகுளில் எழுதப்படும் புதிய கோடில் கால் பங்குக்கும் மேல் ஏ.ஐ உருவாக்குகிறது; அதை இன்ஜினீயர்கள் சரிபார்த்து ஏற்கிறார்கள் என்று 2024 அக்டோபரிலேயே சுந்தர் பிச்சை சொன்னார். எல்லோரும் முதல் பாதியைத்தான் ஃபார்வேர்டு செய்தார்கள். 'சரிபார்த்து ஏற்கிறார்கள்' என்பதில்தான் வேலையே இருக்கிறது.

2025 ஜூலையில் அமெரிக்காவின் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு ஒரு முடிவை வெளியிட்டது. 16 அனுபவசாலி புரோகிராமர்கள், தங்களுக்கு நன்கு பழக்கமான புராஜெக்ட்டுகளில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏ.ஐ-யைப் பயன்படுத்தியபோது 19 சதவிகிதம் கூடுதல் நேரம் ஆனது. ஆனால் அவர்களோ, 20 சதவிகிதம் சீக்கிரமாக முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்! அது அந்த வருஷத் தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்துச் செய்த ஆய்வு. எல்லோருக்கும், எல்லா வேலைக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால், வேகமாகப் போவது போலத் தோன்றுவதும் வேகமாகப் போவதும் வேறு வேறு என்பது புரிகிறது.

"எனக்கும் அப்படித்தான்" என்றார் அண்ணன். "முன்னாடி எழுதுற வேலை. இப்போ வாத்தியார் மாதிரி பேப்பர் திருத்துற வேலை. ஒரு நாளைக்கு எழுதி வர்றது மூணு மடங்கு. படிக்கிற கண்ணு ரெண்டுதானே? ராத்திரி ஏதாவது உடைஞ்சா போன் எனக்குத்தான் வரும், ஏ.ஐ-க்கு வராது."

முதல் படி எங்கே?

தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணா, உங்க டீமுக்கு இந்த வருஷம் ஃப்ரெஷர் யாரையாவது எடுத்தாங்களா?"

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வருஷம் ரெண்டு பேர் வருவாங்க. இந்த வருஷம் யாரும் இல்லைடா."

என்னை உறுத்துவது இதுதான். 2025 ஜூலையில் டி.சி.எஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது நாடே பேசியது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள், ஏ.ஐ காரணமில்லை, திறன் பொருந்தாததுதான் காரணம் என்றது நிறுவனம். போகிற வேலை செய்தியாகிறது. ஆனால், திறக்காமலே போகும் ஃப்ரெஷர் வேலைக்கு அறிவிப்பு எதுவும் வருவதில்லை. சித்தி வீடு மாதிரியான வீடுகளில்தான் அது தெரியும்.

சென்னை தரமணியில் 2000-ம் ஆண்டு டைடல் பார்க் திறந்தபோது ஆரம்பித்த கனவு இது. 2024-ல் விழுப்புரம் மாவட்டம் வரை மினி டைடல் பூங்கா வந்துவிட்டது. மாட்டை நம்பிப் படிக்கவைத்த வீடுகளுக்கு ஐ.டி வேலைதான் ஏணி. அந்த ஏணியின் முதல் படி, சின்னச் சின்னத் தப்புகளைச் சரிசெய்வது, டெஸ்ட் எழுதுவது மாதிரியான வேலைகள். ஏ.ஐ முதலில் எடுத்துக்கொள்வது அதைத்தான். அண்ணனும் அந்தப் படியில் நின்றுதான், ஐந்து நிமிஷத்தில் தப்பைக் கண்டுபிடிக்கும் கண்ணைச் சம்பாதித்தார். இன்று யாரையும் அங்கே நிற்கவிடாவிட்டால், ஒன்பது வருஷம் கழித்து இன்னோர் அண்ணன் எங்கிருந்து வருவார்? கம்பெனிகள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதுவரை என்ன செய்யலாம்?

நடந்துகொண்டே அண்ணன் தம்பிக்குச் சொன்னதை, வேலை தேடும் எல்லோருக்குமாகத் தருகிறேன்.

* ஏ.ஐ எழுதிய கோடை வரி வரியாகப் படியுங்கள். புரியாத வரியை 'ஏன்' என்று அதனிடமே கேளுங்கள். உங்களால் விளக்க முடியாத எதையும் ரெஸ்யூமில் போடாதீர்கள்.
* வாரத்தில் ஒரு நாளாவது ஏ.ஐ இல்லாமல் எழுதிப் பாருங்கள். மெதுவாகத்தான் வரும், பரவாயில்லை.
* ஆப் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எப்போது தப்பாகும் என்று யோசியுங்கள். மாத நடுவில் அளவு மாறினால்? வீடு பூட்டியிருந்தால்? பிப்ரவரி வந்தால்?
* யாருக்காகச் செய்கிறீர்களோ, அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். சித்தியின் நோட்டில் இருந்தது எந்த ஏ.ஐ-யிடமும் இல்லை.

எங்களைத் தாண்டி ஓர் ஆட்டோ போனது. உள்ளே வயதான தம்பதி, மலையைப் பார்த்துக் கைகூப்பியபடி. இந்த 14 கிலோமீட்டரை ஆட்டோவிலும் சுற்றலாம், தப்பே இல்லை. முடியாதவர்களுக்கு அதுதான் வழி. ஆனால், எமலிங்கத்துக்கும் நிருதிலிங்கத்துக்கும் நடுவில் எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே கல் குத்தும் என்று கேட்டால், நடந்தவர்தான் சொல்ல முடியும்.

தம்பிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆப்பை முதலில் இருந்து, தானே படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறான். போன வாரம் போன் செய்தான். "அக்கா, இப்போ எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் சொல்லிடுவேன்."

சித்தியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "இந்த மாசம் ரெண்டு கணக்கும் ஒத்துப்போச்சு கண்ணு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் நோட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். அவன்கிட்ட சொல்லிடாதே!"