சுவரில் இருந்த வில்லங்கம்

அண்ணே, அந்தப் படத்தை ஏன் அங்கே மாட்டினீர்கள்?

கூடத்து ஜன்னலின் மேல்மூலையை ஒட்டி, திரிபுரம் எரித்த கோலத்தில் நம் வீரட்டானேசுவரர். வீடு பார்க்க வந்த அன்று நான் முதலில் கும்பிட்டது அதைத்தான். "சாமி படத்தை நாங்க எடுத்துட்டுப் போகலம்மா. நீ என் தங்கச்சி மாதிரி, உனக்கே விட்டுட்டுப் போறோம்" என்றீர்கள். திருவதிகையில் இப்படியும் மனுஷங்க இருக்காங்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. 2024 கார்த்திகையில், பெஞ்சல் புயல் மழையில் படம் நனைகிறதே என்று கழற்றினேன். பின்னால் பட்டி அப்பிய தடம். பட்டி ஊறி உதிர்ந்த இடத்தில் என் சுண்டுவிரல் நுழைகிற விரிசல். ஜன்னல் மூலையில் பிறந்து, சாய்வாக ஏறி, தளம் வரை போயிருந்தது. சாமியை வைத்தா மறைத்தீர்கள்?

என் வீட்டுக்காரர் சார்ஜாவில் பதினோரு வருஷம் வெயிலில் நின்ற காசு அது. மீதிக்குப் பதினெட்டு லட்சம் கடன், இருபது வருஷத் தவணை. வீட்டை அவருக்கு வீடியோ காலில்தான் காட்டினேன். "பளபளன்னு இருக்குடி" என்றார். பளபளப்பாகத்தான் இருந்தது. பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. புது வாசம் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, பழைய வீட்டுக்கு ஏன் இப்போது பெயிண்ட் என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் விவரமில்லாமல் வாங்கியவள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டோம். தாய்ப்பத்திரம் பார்த்தோம். பட்டா பார்த்தோம். வக்கீல் ஒருவர் வரி வரியாகப் படித்துவிட்டு, வில்லங்கமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வங்கி அனுப்பிய இன்ஜினியர் வந்தார். அதற்கும் கட்டணம் எங்களிடம்தான். நாலு பக்கமும் போட்டோ எடுத்தார், நீள அகலம் அளந்தார், இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். கடன் கொடுக்கிற அளவுக்குச் சொத்து பெறுமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. கட்டடம் உள்ள பத்திரம் என்று பதிவு அலுவலகத்திலிருந்தும் வந்து பார்த்தார்கள். எத்தனை சதுர அடி, எத்தனை வருஷக் கட்டடம், அரசுக்கு வரவேண்டிய தீர்வை குறையாமல் இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. 2023 ஆவணியில் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் கட்டி, புத்திர பவுத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவிக்க வேண்டியது என்று எழுதி வாங்கினோம்.

இத்தனை பேர் வந்தார்களே, ஒருவராவது அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார்களா? பண்ருட்டிச் சந்தையில் ஒரு பலாப்பழம் வாங்க விரலால் தட்டி, சத்தம் கேட்டு, காம்பை முகர்ந்து பார்க்கிற ஊர் ஐயா இது! பழைய வண்டி வாங்கினால் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஆயுசுக்கும் ஒரே ஒரு வீடு வாங்கும்போது மட்டும் காகிதத்தைப் பார்த்தோம், கட்டடத்தைப் பார்க்கவில்லை.

முதல் ஐப்பசியிலேயே சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியது. உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மழைக்காலத்தில் அப்படித்தான் என்றார்கள், நம்பினேன். அடுத்த வருஷம் பெஞ்சல் வந்தது. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊர்களுக்குள் புகுந்தது. இந்தப் பக்கம் கெடிலமும் பெருக்கெடுத்தது. மழை விட்ட பிறகு பின்கட்டுக் கதவு சாத்த மறுத்தது. நிலை சாய்ந்துவிட்டிருந்தது.

மேஸ்திரி ஒருவரைக் கூட்டி வந்தேன். ஐந்து ரூபாய் நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். முன்பக்கம் கணீரென்று கேட்டது, பின்பக்கம் பொத்தென்று. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தவர், "பாதி வீடு கீழ எறங்குதும்மா. இங்க முன்ன என்ன இருந்துச்சு?" என்றார். அதற்குப் பதில் சொன்னது எதிர்வீட்டு ஆயா. "குட்டை இருந்துச்சு. செங்கல் தூளும் குப்பையும் கொட்டித் தூத்தாங்க. ஏன்டி, உனக்குத் தெரியாதா?"

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. இடிசலையும் குப்பையையும் கொட்டித் தூர்த்த இடம் வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் இறங்கினால் இன்னும் அமுங்கும். அஸ்திவாரத்தைக் கெட்டி மண் வரைக்கும் கொண்டுபோகாமல் அதன்மேலேயே பாதி வீட்டை நிறுத்தியிருக்கிறார்கள்.

உங்கள் வாசலில் வந்து நின்றேன், அண்ணே. உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. "பார்த்துத்தானே வாங்குன?" என்று ஒரே வார்த்தை. தங்கச்சி எங்கே போனாள் அன்றைக்கு?

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும் என்று அதில் இருக்கிறது. வக்கீல் அதை வாசித்தபோது எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே, "அவருக்குத் தெரியும்னு நாமதான் நிரூபிக்கணும்" என்றார். பட்டி பார்த்த பெயிண்டரைத் தேடிப் போனேன். "என்னை விட்டுடுங்கக்கா, எனக்கும் இந்த ஊர்லதான் பொழப்பு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நுகர்வோர் நீதிமன்றம்? தனி ஆள் தன் பழைய வீட்டை விற்றதற்கெல்லாம் அங்கே வழியில்லையாம். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, சாவி கொடுத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டிய நிறுவனமே செலவில்லாமல் சரிசெய்து தரவேண்டும். நான் வாங்கியது ஒரு குடும்பத்தின் பழைய தனிவீடு. அந்தச் சட்டத்துக்கு என்னைத் தெரியாது.

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்திலேயே ஆய்வுக்கு நாள் வைத்துக்கொள்வார்களாம். தெரிந்த ஆள் ஒருவர் கூரை முதல் அஸ்திவாரம் வரை பார்த்து எழுதிக் கொடுப்பார். குறை இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், முன்பணத்தை வாங்கிக்கொண்டு விலகலாம். இங்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் அட்வான்ஸ் போச்சு. "நாங்கள் வைக்கும் பொறியாளர் பார்த்துக் குறை சொன்னால் முன்பணம் முழுவதும் திரும்ப" என்று கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்படி எழுதலாம் என்று எனக்கு ஒருத்தர் சொல்லவில்லையே! இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிய தரகர் சொல்லவில்லை, பத்திரம் எழுதியவர் சொல்லவில்லை.

மேஸ்திரி விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரு ஓரமும் சிமெண்ட் பூசி, பக்கத்தில் தேதி எழுதினார். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். தையில் ஒட்டியது மாசியில் உடைந்தது. இரண்டாவது சித்திரையைத் தாண்டவில்லை. என் வீட்டுக்காரர் வீடியோ காலில் கூப்பிடும்போது போனை அந்தச் சுவர்ப் பக்கம் திருப்பாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அதே தரகர் போன மாதம் வந்தார். "பட்டி பார்த்து ஒரு கோட் பெயிண்ட் அடிங்கம்மா, பார்ட்டி ரெடியா இருக்கு." மறுவாரம் ஒரு இளம் தம்பதியைக் கூட்டி வந்தார். இடுப்பில் குழந்தை. அந்தப் பெண் நேராக சாமி மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விரிசலைக் காட்டினேன், உடைந்த கண்ணாடியைக் காட்டினேன், குட்டை எதுவரைக்கும் இருந்தது என்று காலால் கோடு போட்டுக் காட்டினேன்.

அவர்கள் போய்விட்டார்கள். தரகர் அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. ஐந்தாம் தேதி வங்கியில் தவணை பிடித்துக்கொண்டார்கள்.